உத்தியோகமும் நாடகமும்: காலஞ்சென்ற கே. பாலசந்தர் வரலாற்றினின்று நாம் அறியத்தக்கது

நம் சங்கத்தின் சென்ற ஆண்டு விழாவில் நாடகம் நடைபெறவில்லை என்பதை அங்கத்தினர்கள் மறந்திரார்கள். நோட்டீசில் நாடகத்தின் பெயர் அச்சாகியிருந்தது. ஒத்திகையும் மூன்று வாரம் நடந்திருந்தது. முக்கிய வேஷம் பூணவிருந்த இளைஞரை அவர் தகப்பனார் தடுத்துவிட்டமையால் காரியம் நின்றுபோயிற்று. "உத்தியோகப் பரீக்ஷைக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கூத்து எதற்கு?" என்று அப்பெரியவர் கேட்டார். அவரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. தம் மகன் நிலையான சம்பளத்தில் அமரவேண்டுமென்று விரும்பாத தகப்பன் இந்நகரியத்தில் எவருளர்? ஆயினும், அவர் கேட்ட கேள்விக்கு வாதத்தினால் விடையிறுப்பதினும் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றினால் விடையிறுப்பதே நலமென்று நமக்குத் தோன்றியது. உத்தியோகத்தில் இருந்துகொண்டே நாடகம் எழுதி நடத்தி, அதன்பின் சினிமாவிலும், முடிவில் தொலைக்காட்சி நாடகத்திலும் பெரும்பெயர் ஈட்டிய கே. பாலசந்தர் வரலாறே அது.

அவ்வரலாற்றுக்குள் புகுமுன், நாம் வாழும் இடத்தைப்பற்றிச் சில வார்த்தைகள் கூறுவோம். நெய்வேலி நம்மில் எவர்க்கும் பூர்விக ஊர் அன்று. 1935-ம் வருஷத்தையொட்டி ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருளொன்று நீரோடு வெளிப்பட, அதனின்றே பழுப்பு நிலக்கரியின் செய்தி உலகுக்குத் தெரிந்தது. 1956-ல் நிறுவனம் அமைந்தது. 1957-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் சோவியத் நாட்டின் உதவியால் அமைந்த அனல்மின் நிலையத்தில் முதல் மின்சாரம் பிறந்தது. நிலம் கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்தார். நம் பாட்டன்மாரும் தந்தைமாரும் தஞ்சை, திருச்சி, மதுரை, நெல்லை எனப் பல ஜில்லாக்களிலிருந்து உத்தியோகத்தின்பொருட்டு வந்து, வட்டம் வட்டமாக அமைந்த குடியிருப்புக்களில் ஒருவரையொருவர் அறியாமல் குடியேறினர். மூன்று ஷிப்டுகளாகப் பகுக்கப்பட்ட பொழுதே இங்கே அனைவர்க்கும் பொதுவான பஞ்சாங்கமாயிற்று. வேலையினின்று ஓய்வுபெறும் நாளில் குடியிருப்பை ஒப்படைத்துவிட்டுப் புறப்படவேண்டும் என்பதும் யாவரும் அறிந்ததே. ஆதலின் இவ்வூரில் நமக்கென்று நிலைப்பது வீடன்று, தோட்டமன்று. கூடிச்செய்த காரியங்களின் நினைவு ஒன்றே. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்குமாறு வேண்டுகின்றோம்.

நாடகத்தைப்பற்றி நம் பெரியோர்க்கிருந்த அச்சம் இன்று நேற்று உண்டானதன்று. நாடகத் தொழிலே வாழ்வாகக் கொண்டவர்கள் ஊரூராகக் கொட்டகை போட்டு அலைந்தனர். வசூல் இல்லாத ஊரில் பட்டினியும் கிடந்தனர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களைக்கொண்டு ஒரு நாடக சபை கண்டார். அதில் சேர்ந்த டி. கே. எஸ். சகோதரர் போன்ற மேதைகள் பின்னர்ப் புகழ் பெற்றனர் என்பது மெய்யே. எனினும் இளம்பருவத்தில் வீட்டைவிட்டு வேஷம் கட்டப்போன பிள்ளைகள் எத்தனையோ பேர் பெயரின்றி மறைந்தனர். 'கூத்தாடி' என்ற சொல் வசையாக வழங்கிய காலம் அது.

இதற்கு மறுபுறமாக வேறொரு மரபும் இருந்தது. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் தம் நண்பர்களோடு சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அவரோ வக்கீல், பின்னாளில் நீதிபதியாகவும் விளங்கியவர். படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும், வயிற்றுக்காக அன்றி விருப்பத்தினால் மேடை ஏறினர். பகலில் தொழில், மாலையில் கலை என்ற ஒழுங்கு அவர்களால் தமிழ்நாட்டில் வேரூன்றிற்று. பாலசந்தர் இவ்விரண்டாம் மரபில் வந்தவர். இதை அறியாமல் அவர் வளர்ச்சியை அறிதல் இயலாது.

அன்னார் 1930-ம் வருஷம் ஜூலை மாதம் 9-ந் தேதி, அந்நாளில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த நன்னிலம் பகுதியில் பிறந்தார். தந்தையார் கிராம நிர்வாக உத்தியோகம் பார்த்தவர். பெருஞ்செல்வம் இல்லாத, ஆயினும் படிப்பை மதித்த குடும்பம். கல்லூரிப் படிப்புக்கு அவர் வந்து சேர்ந்த இடம் நமக்கு மிகவும் அண்மையில் உள்ள சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமே. அங்கே விலங்கியல் பயின்று 1949-ல் பட்டம் பெற்றார். மாணவராயிருந்தபோதே நாடகங்களில் ஈடுபட்டார். அப்போது நெய்வேலி முந்திரித் தோப்புக்களுக்கிடையே கிடந்த ஒரு சிற்றூர். இன்று நம் பிள்ளைகள் பேருந்தில் சென்று படித்துத் திரும்பும் அதே பல்கலைக்கழகத்தில்தான் அவருடைய நாடக ஆசை வளர்ந்தது என்பதை எண்ணும்போது நமக்கு ஒருவகை உரிமை உணர்ச்சி உண்டாகிறது.

பட்டம் பெற்றபின் முத்துப்பேட்டையில் சிறிதுகாலம் ஆசிரியராயிருந்தார். 1950-ல் சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் வேலைக்கு அமர்ந்தார். கணக்குத் தணிக்கை செய்யும் ஆபீஸ் என்பது கற்பனைக்கு உகந்த இடமென்று ஒருவரும் சொல்லார். எண்களும், கோப்புக்களும், மேலதிகாரியின் குறிப்புக்களும் நிறைந்த இடம் அது. ஆனால் பல குடும்பத்து மனிதர் ஒரே கூரையின்கீழ் நாள்தோறும் எட்டு மணி நேரம் கூடியிருக்கும் இடமும் அதுவே. சம்பளத் தேதியின் மகிழ்ச்சி, மாதக்கடைசியின் வாட்டம், பதவி உயர்வில் பொறாமை, ஓய்வுபெறுவோரின் கலக்கம் ஆகியவற்றை நாள்தோறும் கண்ணெதிரே கண்டவர், பிற்காலத்தில் நடுத்தரக் குடும்பத்தின் கதையை எழுதியது வியப்பன்று.

மாலைவேளைகளில் அவர் 'யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்னும் குழுவில் சேர்ந்து நாடகம் எழுதப் பழகினார். பின்னர் 'ராகினி ரிக்ரியேஷன்ஸ்' என்ற பெயரால் தமக்கெனக் குழு ஒன்று அமைத்தார். அவரோடு கூடியவர்களும் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்தவர்களே. நகைச்சுவை நடிப்பில் இணையற்று விளங்கிய நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாயிருந்தவர். இத்தகையோர் ஆபீஸ் விட்டபின் ஒன்றுகூடி வசனம் பாடம் பண்ணினர். நம் நகரியத்தில் முதல் ஷிப்டு முடித்து வந்த தோழர்கள் கூடிப் பந்தாடுவதும் பஜனை செய்வதும் போன்றதே இது.

அக்குழுவின் நாடகங்களுள் தலையாயது 'மேஜர் சந்திரகாந்த்'. ஆபீஸ் நண்பர்களுக்காக முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்பு தமிழில் வந்தது. கண்பார்வை இழந்த ஓய்வுபெற்ற இராணுவ மேஜர் ஒருவர். தன் தங்கையை வஞ்சித்த ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவரும் அண்ணன் அவர் வீட்டிலேயே அடைக்கலம் புகுகிறான். கொலையுண்டவனோ அந்த மேஜரின் சொந்த மகன். பெற்ற பாசம் ஒருபுறம், நீதி ஒருபுறம், அடைக்கலம் கொடுத்த சொல் ஒருபுறமாக ஒரு கிழவரின் நெஞ்சம் படும் பாடே நாடகம். மேஜராக நடித்த சுந்தரராஜனுக்கு அப்பெயரே வாழ்நாள் முழுவதும் 'மேஜர் சுந்தரராஜன்' என்று ஒட்டிக்கொண்டது. 1975-ல் பாலசந்தர் தாம் அறிமுகம் செய்த சிவாஜி ராவ் என்னும் இளைஞருக்கு 'ரஜினிகாந்த்' என்று பெயர் சூட்டியதும் இந்நாடகத்துப் பாத்திரம் ஒன்றின் பெயரை நினைந்தே ஆகும்.

'சர்வர் சுந்தரம்', 'மெழுகுவர்த்தி', 'நாணல்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' முதலியன அடுத்தடுத்து மேடையேறின. இந்நாடகங்களின் அமைப்பை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 'நீர்க்குமிழி'யின் கதை ஆஸ்பத்திரிக்குள்ளேயே நிகழ்கிறது. 'எதிர்நீச்ச'லில் பல குடித்தனங்கள் வாழும் ஒரு வீடு. மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கி, எல்லார்க்கும் ஏவல் செய்து படிக்கும் மாது என்னும் அநாதை இளைஞன். அரண்மனையும் நந்தவனமும் திரையில் எழுதிக் காட்டிய பழைய கம்பெனிகளின் வசதி இக்குழுவினர்க்கு இல்லை. ஆகவே ஒரே காட்சியமைப்பில் பல மனிதரைக் கொணர்ந்து, மோதலையும் நகையையும் பேச்சினாலேயே விளைவிக்க வேண்டியிருந்தது. வறுமை இங்கே கலைக்குத் துணையாயிற்று. ஒத்திகைக்குக் கிடைப்பதோ மாலைப்பொழுது மட்டுமே. அதனால் நேர ஒழுங்கும் கண்டிப்பாயிற்று. பிற்காலத்தில் அவரிடம் நடித்தவர் பலரும் வியந்து பேசிய கண்டிப்புக்கு விதை இங்கே ஊன்றப்பட்டது என்று நாம் கருதுகின்றோம்.

1964-ல் எம். ஜி. ஆர். நடித்த 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதும் அழைப்பு வந்தது. பாலசந்தர் உடனே பாய்ந்து சென்றாரல்லர். நாடகத்திலேயே மனம் ஊன்றியிருந்த அவர் முதலில் தயங்கினார். நண்பர்கள் வற்புறுத்தியபின்னரே இசைந்தார். ஆபீசில் சேர்ந்து பதினான்கு வருஷம் கழிந்த அக்காலத்திலும் அவர் சூப்பிரண்டாக அங்கேயே வேலை பார்த்துவந்தார் என்பதைத் தந்தைமார் கவனிக்கவேண்டும். அவ்வாண்டே 'சர்வர் சுந்தரம்' கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாயிற்று. 1965-ல் 'நீர்க்குமிழி'யைத் தாமே இயக்கிப் பட இயக்குநரானார். அதன்பின் 'நாணல்', 1966-ல் 'மேஜர் சந்திரகாந்த்', 1968-ல் 'எதிர்நீச்சல்' ஆகிய தம் நாடகங்களையே படமாக்கினார். மேடையில் சோதித்துப் பார்த்த சரக்கையே படத்துக்கு எடுத்துச் சென்றார் என்பது இதனால் விளங்கும். ஜனங்கள் எந்த வசனத்துக்குச் சிரிப்பார்கள், எந்த மௌனத்துக்கு மூச்சடக்குவார்கள் என்பதை அவர் முன்னரே தம் கண்ணால் கண்டிருந்தார்.

அவருடைய திரைப்படங்கள் அனைத்தையும் ஈண்டு விரித்தல் வேண்டா. 1969-ல் வந்த 'இரு கோடுகள்' கலெக்டர் ஆபீசைக் களமாகக் கொண்டது. கலெக்டராக வருபவள் அங்கே குமாஸ்தாவாயிருப்பவனின் முதல் மனைவி. ஆபீஸ் வாழ்வை அறிந்த ஒருவரால் அன்றி அக்கதை அத்துணை நம்பத்தக்கதாக அமைந்திராது. 1974-ல் 'அவள் ஒரு தொடர்கதை' குடும்பப் பாரத்தைச் சுமக்கும் உத்தியோகப் பெண்ணின் துயரைக் கூறிற்று. கோமல் சுவாமிநாதன் 1980-ல் மேடையேற்றிய 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை மறுவருஷமே படமாக்கினார். அது தேசிய விருது பெற்றது. பிறருடைய நாடகத்தின் மேன்மையை அறிந்து அதனை நாடெங்கும் கொண்டுசெல்லும் பெருந்தன்மையும் அவரிடம் இருந்தது. 1987-ல் பத்மஸ்ரீ விருதும், 2010-ம் வருஷத்துக்குரிய தாதாசாகேப் பால்கே விருதும் அவரை அடைந்தன.

நிற்க. இவர் படங்களில் மேடை வாடை மிகுதி, பாத்திரங்கள் பேசிக்கொண்டேயிருக்கின்றன என்று குறைகூறியோர் உண்டு. அக்குறையில் உண்மை ஓரளவு இல்லாமலில்லை. கேமரா தானே சொல்லக்கூடியதையும் சில இடங்களில் வசனமே சொல்லிவிடுகிறது. ஆயினும் சினிமாவில் குறையாக எண்ணப்பட்ட அக்குணமே தொலைக்காட்சியில் நிறைவாக மாறியது வரலாற்றின் விந்தையாகும்.

அஃது எங்ஙனம் என்பதைச் சிறிது விளக்குவோம். சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கிற்று. 1984-ல் டில்லியிலிருந்து ஒளிபரப்பான 'ஹம் லோக்' என்னும் ஹிந்தித் தொடர், மெக்ஸிகோ தேசத்துத் தொடர்நாடகங்களை முன்மாதிரியாகக் கொண்டு, ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதையை நாடு முழுவதும் பின்தொடரச் செய்தது. வீட்டுக் கூடத்தில் வைத்த சிறு பெட்டிக்குள் பெரிய போர்க்களமும் மலைத்தொடரும் எடுபடா. மனித முகமும் பேச்சுமே எடுபடும். இரண்டு மூன்று அறைகளுக்குள் கதையை நடத்தவேண்டும். குறைந்த செலவில், குறைந்த நாளில் முடிக்கவேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அடுத்து என்னாகுமோ என்ற ஆவலை நிறுத்திச் செல்லவேண்டும். இவையெல்லாம் ஒரே காட்சியமைப்பில் நாடகம் நடத்திப் பழகிய ஒருவர்க்குக் கைவந்த வித்தையல்லவா? ஆகவே பாலசந்தர் தொலைக்காட்சிக்கு வந்தது இறங்கிவந்ததன்று. தாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்ததாகும்.

1990-களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் வந்த 'ரயில் சிநேகம்' இத்துறையில் அவர் முதன்முதலாகப் பெயர் நாட்டிய தொடர். அடுத்து 'கையளவு மனசு' வந்தது. தீராத நோயுற்ற தாய் ஒருத்தி, தனக்குப்பின் தன் குழந்தைகள் அநாதைகளாகாதபடி ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு தேடிக் கொடுக்கும் கதை அது. நம் வட்டத்துத் தாய்மார் அதனைக் கண்டு கண்ணீர் வடித்ததும், மறுநாள் காலையில் பால் வாங்குமிடத்தில் அக்குழந்தைகளைத் தம் உறவினர் பிள்ளைகள்போலப் பேசிக்கொண்டதும் நம் நினைவில் உள்ளன. தனியார் தொலைக்காட்சிகள் தோன்றியபின் 'காதல் பகடை', 'பிரேமி', 'ஜன்னல்', 'அண்ணி' முதலிய தொடர்கள் வந்தன. 1985-ல் வந்த தம் 'சிந்து பைரவி' படத்துக் கதையின் தொடர்ச்சியை 2003-ல் 'சஹானா' என்னும் பெயரால் தொடராக்கினார். அவர் புதல்வர் கண்ட 'மின் பிம்பங்கள்' நிறுவனம் வேறு பல இயக்குநர்களுக்கும் இடமளித்தது. 2014-ம் வருஷம் டிசம்பர் மாதம் 23-ந் தேதி பாலசந்தர் சென்னையில் காலமானார்.

இவ்வரலாற்றினின்று நாம் பெறுவது யாது? முதலாவது, உத்தியோகமும் கலையும் பகைகளல்ல. உத்தியோகம் அவருக்குச் சோறு போட்டது. சோற்றுக்காகக் கலையை மலிவாக்கும் கட்டாயத்தினின்று அவரைக் காத்தது. கலையோ, கணக்கு ஆபீசின் வறட்சியில் அவர் உள்ளம் உலர்ந்துபோகாமல் காத்தது. எல்லாப் பிள்ளைகளும் பாலசந்தராகிவிடுவர் என்று நாம் சொல்லவில்லை, ஆகமாட்டார்கள். ஆகாவிடினும் நஷ்டமில்லை. சபையில் நின்று தெளிவாகப் பேசவும், பிறன் துயரைத் தன் துயராக நினைந்து பார்க்கவும், பத்துப் பேரோடு ஒத்துழைத்துக் குறித்த நாளில் ஒரு காரியத்தை முடிக்கவும் கற்ற பிள்ளை எந்த உத்தியோகத்திலும் பின்தங்கான்.

இரண்டாவது, கூறுவதற்குச் சிறிது வருத்தமானது. மேடை நாடகத்துக்குக் கைகொடுத்திருக்கவேண்டிய தொலைக்காட்சியே மேடையின் முன் இருந்த ஜனங்களையும் அழைத்துக்கொண்டுபோயிற்று. தொலைக்காட்சிப் பெட்டி வந்த புதிதில், பெட்டியுள்ள வீட்டில் அண்டை அயலார் நாற்பது பேர் கூடிப் பாயில் அமர்ந்து பார்த்தோம். பிறகு வீட்டுக்கு ஒரு பெட்டி. இன்றோ ஆளுக்கு ஒரு கைப்பேசி. ஒரே வீட்டில் நால்வர் நான்கு கதைகளை நான்கு மூலையில் பார்க்கின்றனர். இதற்குப் பாலசந்தரைக் குற்றவாளியாக்குதல் நீதியன்று. எனினும் அவரை உருவாக்கியது தனியறையன்று, கூட்டம் என்பதை மறத்தலாகாது. ஆபீஸ் நண்பர்கள் பத்துப் பேர் மாலையில் கூடாதிருந்தால் 'மேஜர் சந்திரகாந்த்' இல்லை. அது இல்லையேல் பின்வந்தவை யாவும் இல்லை.

சுரங்கத்தில் வேலைபார்த்த நம்மவர்க்கு ஒன்று தெரியும். கரி மேலேயே கிடப்பதில்லை. மேல்மண்ணை அகற்றவேண்டும், அடியிலிருந்து பொங்கும் நீரை இரவு பகல் ஓயாது இறைத்துக்கொண்டேயிருக்கவேண்டும், இறைப்பது நின்றால் சுரங்கமே மூழ்கும். நம் பிள்ளைகளிடமுள்ள திறமையும் அவ்வாறே. ஆண்டுக்கு ஒரு முறை விழா வரும்போது மட்டும் தேடினால் அது கிட்டாது.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கின்றோம். வாரத்தில் சனிக்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமை மாலையும் சங்கக் கூடத்தை இளைஞர்களுக்கு ஒழித்துக் கொடுக்கவேண்டும். பரீக்ஷைக் காலத்தில் ஒத்திகை இல்லை என்று முன்னரே விதி செய்துவிட்டால் தந்தைமார்க்கும் மனத்தாங்கல் இராது. பெண்மக்களும் தத்தம் தாயார் உடனிருக்கத் தடையின்றிக் கலந்துகொள்ளலாம். பட்டுத் திரையும் வாடகை ஜோடனையும் வேண்டா; நான்கு நாற்காலியும் ஒரு மேசையும் போதும். கதைக்கு வெளியே போகவேண்டுவதுமில்லை. ஓய்வுபெறும் நாளில் குடியிருப்பின் சாவியை ஒப்படைக்கும் ஒரு குடும்பத்தின் கடைசி மாலைப்பொழுது ஒன்றே ஒரு நாடகத்துக்குப் போதாதா? அதை எழுதவல்லார் நம்மிடையே இருக்கின்றனர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

தடை சொன்ன அப்பெரியவர் வீட்டுக்கு நாம் சென்ற வாரம் போயிருந்தோம். இளமையில் தாம் கட்டிய நாரதர் வேஷத்தைப்பற்றித் தாமே பேச்செடுத்து அரைமணி நேரம் சொன்னார். இரண்டு அடி பாடியும் காட்டினார். மகன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வருகிற ஆண்டு விழாவில் தந்தையும் மகனும் ஒரே மேடையில் தோன்றினால் நாம் வியப்படையமாட்டோம்; மிக மகிழ்வோம். இதனைச் சங்கத்தார் திருவுளங்கொள்வாராக.